பில் கவுன்ட்டரில் கொடுத்த மெயில் ஐடிக்கு ஆஃபர் அனுப்பலாமா? சட்டம் சொல்வது என்ன?

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் துணி எடுத்தாலும் சரி, சிதம்பரம் மேல வீதியில் ரூம் போட்டாலும் சரி, பில் போடும்போது ஒரு கேள்வி வரும்: "நம்பர் சொல்லுங்க சார், மெயில் ஐடி இருக்கா?" யோசிக்காமல் சொல்லிவிட்டு வருகிறோம். அடுத்த வாரத்திலிருந்து ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர், புது பிராஞ்ச் திறப்பு விழா என இன்பாக்ஸ் நிரம்புகிறது.

"உங்களுக்கு ஆஃபர் அனுப்பட்டுமா?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இனி கேட்டே ஆக வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் தொடர்பான முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன.

ஸ்பேம் மெயிலுக்குத் தனிச் சட்டம் இல்லையா?

இல்லை. போன் கால், எஸ்எம்எஸ் தொல்லைக்கு டிராய் அமைப்பின் 2018-ம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. 1909 எண்ணில் பதிவு செய்து விளம்பரங்களைத் தடுக்கலாம். ஆனால் இமெயில் அந்த விதிமுறைக்குள் வராது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, தொல்லை தரும் மெயில், அனுப்பியவர் யார் என்பதை மறைத்து ஏமாற்றும் மெயில் இரண்டையும் குற்றமாக்கியிருந்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24-ல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அந்த வெற்றிடத்தைத்தான் புதிய சட்டம் வேறு வழியில் நிரப்புகிறது. மெயில் ஐடியும் மொபைல் நம்பரும் 'தனிநபர் தரவு'. அதை எதற்குப் பயன்படுத்தினாலும் சட்டப்படி ஒரு காரணம் வேண்டும்.

பில்லுக்குக் கொடுத்தது விளம்பரத்துக்கும் செல்லுமா?

செல்லாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் மருந்துக்கடையில் பொருள் வாங்கி, பணம் கட்டியதற்கான ரசீதை மொபைலுக்கு அனுப்பச் சொல்லித் தானாக நம்பர் தருகிறார். கடைக்காரர் அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். அந்த நோக்கம் அத்தோடு முடிந்தது. அதே நம்பருக்கு 'சுகர் டெஸ்ட் பேக்கேஜ்' விளம்பரம் அனுப்ப வேண்டுமென்றால் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

சம்மதம் எப்படி இருக்க வேண்டும்?

கட்டாயம் இல்லாமல், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றி, சந்தேகத்துக்கு இடமின்றி, வாடிக்கையாளர் தானே ஒரு செயலால் தெரிவிக்க வேண்டும் என்கிறது 6-வது பிரிவு.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் புக்கிங் படிவத்தில் 'ஆஃபர் மெயில் வேண்டும்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்தால் அது சம்மதம் ஆகாது. 'டிக் போட்டால்தான் ரூம்' என்பதும் ஆகாது. கட்டம் காலியாக இருக்க வேண்டும். தங்க வருபவர் விரும்பினால் டிக் போடட்டும்.

இன்னும் மூன்று விஷயங்கள்:

• சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழிலும் படிக்க வசதி தர வேண்டும். அரசியல் சாசனத்தின் 8-வது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளுக்கும் இது பொருந்தும்.

• சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். ஒரு டிக்கில் சேர்த்துவிட்டு, விலகுவதற்கு மட்டும் "கடைக்கு நேர்ல வாங்க" என்று சொல்ல முடியாது.

• தகராறு வந்தால், சம்மதம் வாங்கியதை நிரூபிக்க வேண்டியது வணிகர்தான். எந்தத் தேதியில், எந்த வாசகத்துக்குச் சம்மதம் வாங்கினோம் என்ற பதிவு கையில் இருக்க வேண்டும்.

கையில் இருக்கும் பழைய லிஸ்ட்?

ஏற்கெனவே சம்மதம் வாங்கியிருந்தால், எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்ற அறிவிப்பை அவர்களுக்கு அனுப்பிவிட்டுத் தொடரலாம். அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும். சம்மதமே வாங்காத லிஸ்ட்டுக்கும், விலை கொடுத்து வாங்கிய லிஸ்ட்டுக்கும் இந்தச் சலுகை உதவாது.

கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கும் நோட்டுப் புத்தகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதை எக்ஸெல்லில் ஏற்றிய நிமிடத்திலிருந்து பொருந்தும்.

கோச்சிங் சென்டர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். 18 வயது நிறையாதவர்கள் சட்டத்தின் பார்வையில் குழந்தைகள். 17 வயது பிளஸ் 2 மாணவரின் தரவைப் பயன்படுத்த, சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் சம்மதம் தேவை. அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்யவே கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினால்?

பண்ருட்டி முந்திரியை டொராண்டோவில் இருக்கும் தமிழர்களுக்கு விற்பவர் கனடா சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2014-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டம், முன்கூட்டியே சம்மதம் கேட்கிறது. பொருள் வாங்கியவர் என்றால் 2 வருடத்துக்குச் சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். மீறும் நிறுவனத்துக்கு 1 கோடி கனடா டாலர் வரை அபராதம். அமெரிக்காவின் 2003-ம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேர்மாறானது. முதலில் அனுப்பலாம், வேண்டாம் என்று சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும்.

சட்டத்துக்கு முன்பே ஜிமெயில் கையில் எடுத்துவிட்டது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள், ஒரே கிளிக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்ற விதியை 2024-ல் கொண்டுவந்தது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. தாண்டினால் மெயில் இன்பாக்ஸுக்கே போகாமல் நிற்கலாம்.

சின்னக் கடைக்கும் 50 கோடி அபராதமா?

சம்மத விதியை மீறினால் உச்ச வரம்பு 50 கோடி ரூபாய். எல்லோருக்கும் அவ்வளவு விதிப்பார்கள் என்று அர்த்தமில்லை. மீறலின் தன்மை, தீவிரம், எத்தனை நாள் நடந்தது என்பதையெல்லாம் தரவுப் பாதுகாப்பு வாரியம் பார்க்கும். ஸ்டார்ட்அப் உள்ளிட்ட சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து விலக்கு தர அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் சம்மதம் பற்றிய 6-வது பிரிவு இல்லை.

வாடிக்கையாளர் இப்போதே என்ன செய்யலாம்?

மொபைல் நம்பர் தந்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேணாம், பேப்பர் பில் போதும்" என்று தாராளமாகச் சொல்லலாம்.

தெரிந்த கடையின் மெயில் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' கொடுங்கள். முன்பின் தெரியாத மெயிலில் எந்த லிங்க்கையும் தொடாமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' மட்டும் அழுத்துங்கள். 2027 மே மாதத்துக்குப் பிறகு, முதலில் அந்த நிறுவனத்திடமே புகார் செய்ய வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் வாரியத்துக்குப் போகலாம்.