முறைப்பாட்டில் முளைத்த தொழில்

லிங்கநகரிலும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் இன்று பல வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியாவது இருக்கிறது. பிள்ளைகள் அதில் முகநூலும் வாட்ஸ்அப்பும் பார்த்துக்கொண்டிருப்பதைப் பெற்றோர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘இதாலேதான் பிள்ளை கெட்டுப்போகுது’ என்பார் சிலர். ‘இதை வைத்தே கோடீஸ்வரரானவர்கள் இருக்கிறார்கள்’ என்று யாரோ சொன்னதை நம்பி, கடன்பட்டாவது கணினி வாங்கிக் கொடுக்க நினைப்பார் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மையல்ல. ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் சமூக ஊடகத்தின் துணையோடு காலூன்றிய உண்மைக் கதையொன்றை இங்கு நோக்குவோம். காணியை விட்டு வந்து புதிதாகத் தொழில் தேடும் குடும்பங்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதே நமது கேள்வி.

முதலில், மென்பொருள் என்றால் என்ன? உழவு இயந்திரம் வாசலில் நின்றாலும், ஓட்டத் தெரிந்தவர் இல்லாவிட்டால் வயல் உழப்படாது. கணினியும் அவ்வாறே. ‘இன்ன வேலையை இன்ன ஒழுங்கில் செய்’ என்று அதற்குச் சொல்லும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதை ஆக்க வயல் தேவையில்லை, களஞ்சியம் தேவையில்லை. ஆனால் பல ஆண்டுப் பயிற்சி தேவை.

உடைந்த தொலைக்காட்சிப் பெட்டி

தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்தவர் கிரீஷ் மாத்ருபூதம். சென்னையின் சோஹோ என்னும் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்தவர். அந்த வேலையின் பொருட்டு அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, கப்பலில் அனுப்பிய அவரது தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. காப்புறுதிப் பணத்துக்காகப் பல மாதங்கள் கடிதமும் தொலைபேசியுமாக அலைந்தார்; பயனில்லை. இறுதியில், வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புவோர் இணையத்தில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொது இடமொன்றில் நடந்ததை எழுதினார். மறுநாளே நிறுவனத்தின் தலைவர் அங்கு வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் கிடைத்தது.

தனியாக எழுதிய கடிதங்களுக்குக் கிடைக்காத பதில், பலர் பார்க்க எழுதிய ஒரு குறிப்புக்குக் கிடைத்தது. வாடிக்கையாளரின் குரல் இனி மேசை இலாச்சிக்குள் அடங்காது என்பதை அவர் கண்டுகொண்டார்.

2010ஆம் ஆண்டில் இன்னொன்று நடந்தது. டென்மார்க்கில் 2007இல் தொடங்கிய சென்டெஸ்க் என்ற நிறுவனம், வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைக் கையாளும் மென்பொருளை விற்றுவந்தது. அது திடீரென விலையை உயர்த்தியதால் பாவனையாளர்கள் இணையத்தில் சினந்து எழுதினார்கள். நியாய விலையில் இதே வேலையைச் செய்யும் ஒன்றை யாராவது ஆக்கினால் நல்ல வாய்ப்பு உண்டு என்று ஒருவர் குறிப்பெழுதினார். ஆயிரம் பேர் வாசித்துக் கடந்துபோகும் வரிதான் அது. கிரீஷ் அதை வேலையாக எடுத்துக்கொண்டார்.

ஆறு பேரின் தொடக்கம்

அதே ஆண்டு ஒக்டோபரில் அவரும் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியும் சம்பள வேலையை விட்டு, ஆறு பேராகச் சென்னையில் ‘ஃப்ரெஷ்டெஸ்க்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2011 ஜூனில் அவர்களது மென்பொருள் விற்பனைக்கு வந்தது. முதல் வாடிக்கையாளர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள அட்வெல் கல்லூரி. சென்னையில் ஒரு சிற்றறையில் இருந்தவர்களைக் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பாடசாலை தேடி வந்தது. ஒரு குறிப்பை வாசித்து வேலையை விட்டுத் தொழில் தொடங்கிய கதையை, அந்தக் குறிப்பு வெளியான இடத்திலேயே கிரீஷ் எழுதினார். அதை வாசித்தவர்களில் பலர் மென்பொருளையும் பரீட்சித்துப் பார்த்தார்கள்.

ஆண்டின் இறுதியில் சோதனை வந்தது. சென்டெஸ்க்கைப் பார்த்து அடித்த நகல் என்ற பழி இணையத்தில் எழுந்தது. பெரிய நிறுவனத்தின் தலைவரே அதில் சேர்ந்துகொண்டார். சிறியவர்கள் வசைக்கு வசை பாடவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கவுமில்லை. இரு தரப்பையும் எடுத்துச் சொல்லி, ‘நகலா இல்லையா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்’ என்று ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தார்கள். அதுவரை அவர்களின் பெயரையே அறியாதவர்களும் வந்து பார்த்தார்கள். விளம்பரத்துக்குப் பணமில்லாதவர்களுக்குப் பழியே விளம்பரமாயிற்று.

2017இல் ‘ஃப்ரெஷ்வேர்க்ஸ்’ எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 2021 செப்டெம்பர் 22ஆம் திகதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் சேர்ந்து 100 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடி ரூபாய்க்கு உரியவர்களானார்கள்.

முறைப்பாட்டுக்கு ஓர் இலக்கம்

அவர்கள் விற்ற பொருளின் உள்வேலை எளிமையானது. மின்னஞ்சலிலோ முகநூலிலோ டுவிட்டரிலோ (2023 முதல் அதன் பெயர் எக்ஸ்) ஒருவர் குறை சொன்னால், அது ஒரே இடத்துக்கு வந்து சேரும். வைத்தியசாலையில் துண்டு தருவதுபோல ஒவ்வொரு குறைக்கும் ஓர் இலக்கம். அதற்குப் பொறுப்பாக ஒருவர். பதில் சொல்ல ஒரு காலக்கெடு. தீர்ந்த பின்னரே அது மூடப்படும்.

இதற்குக் கணினி வேண்டும் என்பதில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி போதும். சின்ன வெங்காயம் விற்பவரும், தயிர்ச் சட்டி அனுப்புபவரும், தையல் வேலை எடுப்பவரும், கைத்தொலைபேசி திருத்தும் இளைஞரும் அதில் ஐந்து பத்திகள் கீறலாம்: திகதி, பெயரும் தொலைபேசி இலக்கமும், சொன்ன குறை, பொறுப்பானவர், தீர்ந்த நாள். ‘போன கிழமை வந்த வெங்காயத்தில் பாதி அழுகல்’ என்று ஒருவர் முகநூலில் எழுதினால், அதை அழித்துவிடக் கை துறுதுறுக்கும். அழிக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த இடத்திலேயே, மரியாதையாகப் பதில் எழுத வேண்டும். மாற்றிக் கொடுத்ததையும் அங்கேயே சொல்ல வேண்டும். அதைக் குறை சொன்னவர் மட்டுமல்ல, இன்னும் வாங்காத நூறு பேரும் பார்க்கிறார்கள்.

ஊரில் இருந்தபோது நமக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. இன்னாருடைய மகன், இன்ன குளத்தின் கீழ் வயல் செய்பவர் என்றால் கடைக்காரர் கடன் கொடுத்தார். இடம்பெயர்வில் காணியோடு இந்த அறிமுகமும் போய்விட்டது. புதிய இடத்தில் நம்மைத் தெரிந்தவர் இல்லை. பிணை நிற்கவும் ஆளில்லை. எனவே சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவர் என்ற பெயரை நாம் மீண்டும் உழைத்துத்தான் பெறவேண்டும். சமூக ஊடகம் அந்தப் பெயரை வேகமாகப் பரப்பும். கெட்ட பெயரையும் அதே வேகத்தில் பரப்பும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, இக்கதையில் வருபவர்கள் பட்டம் பெற்று, பல ஆண்டுகள் மென்பொருள் வேலையில் பழகியவர்கள். 2011 இறுதியில் அக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் அவர்களுக்குப் பத்து இலட்சம் டொலர் கொடுத்தது. கைத்தொலைபேசி மட்டும் அவர்களை உயர்த்தவில்லை. ஆகவே நகையை அடகு வைத்துக் கணினி வாங்குமுன், பிள்ளை எதைக் கற்றிருக்கிறது, யாரிடம் பழகப் போகிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, பெரிதாக வளர்ந்தாலும் வேலைக்கு உறுதியில்லை. 2024 நவம்பரில் அதே நிறுவனம் ஏறத்தாழ 660 பேரை, அதாவது ஊழியர்களில் நூற்றுக்கு 13 பேரை, நிறுத்தியது.

மூன்றாவது, முகநூல் நமது காணியல்ல. பிறருடைய காணியில் போட்ட கொட்டில். நம் நாட்டில் 2018 மார்ச்சில் கண்டிப் பகுதி வன்செயல்களின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அன்று முகநூலை மட்டுமே நம்பியிருந்தவரின் கடை மூடியதற்குச் சமம். வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம் கொப்பியில் இருந்தால் அழைத்துப் பேசலாம்.

நான்காவது, வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்பவர்களையும், வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தைக் கேட்பவர்களையும் நம்ப வேண்டாம்.

காது கொடுத்துக் கேட்பதும், சொன்ன நாளில் செய்து கொடுப்பதும் உழவருக்குப் புதியவை அல்ல. பயிர் வாடுவதை இலையைப் பார்த்தே அறிந்தவர்கள் நாம். வாடிக்கையாளரின் முறைப்பாடும் அப்படியொரு வாடிய இலைதான். கண்டவுடன் தண்ணீர் கட்டினால் பயிர் பிழைக்கும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நம்மிடம் வாங்கியவர் கடைசியாகச் சொன்ன குறை என்ன? அதற்கு யார், எப்போது பதில் சொன்னோம்?

2. நமது பகுதியில் மக்கள் அடிக்கடி முணுமுணுக்கும் குறைகளில், நம் பிள்ளைகள் தொழிலாக எடுத்துத் தீர்க்கக்கூடியது எது?

3. நமது சங்கத்தில் முறைப்பாட்டுக் கொப்பி ஒன்றைத் தொடங்கினால், அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?