உங்களுக்குத் தெரியுமா? முதல் பணத்துக்கு 5 வாரம்!

பிரிட்டனில் ‘யுனிவர்சல் கிரெடிட்’ மாத உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், முதல் பணம் கைக்கு வரச் சுமார் 5 வாரம் ஆகும். இடையில் தரும் முன்பணமும் கடன்தான். பின்னால் வரும் தொகையில் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். அன்றாடச் செலவுக்கே தடுமாறும் வீட்டுக்கு இது கொடுமை.

• வேலை பார்ப்பவர்களும் வாங்கலாம். சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் (சிலருக்கு மட்டும், ஒரு வரம்புக்கு மேல்) உதவியில் 55 பென்ஸ் குறையும்.

• 4 வாரத்துக்கொரு முறை சம்பளம் வாங்குபவருக்கு ஆண்டில் ஒரு மாதக் கணக்கில் இரண்டு சம்பளம் விழும். அந்த மாதம் உதவி சட்டென்று குறையும்; நின்றும் போகலாம். வாடகை மட்டும் குறையாது!

• தம்பதிக்குப் பொதுவாக ஒரே தொகை, ஒரே கணக்கில்.

தகுதியுள்ளவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த 5 வாரம் விண்ணப்பித்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.