கப்பல் ஓடிவிடும், கரை எங்கே ஓடும்?

பல வருஷமாக இந்தப் பகுதியைப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் அமெரிக்காவிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றில் ரூம் ஸ்டூவர்டு. பெயர்தான் பெரிசு. வேலை என்னவோ நாம் தினமும் வீட்டில் செய்வதுதான். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, குப்பை எடுப்பது. பயணிகள் சந்தோஷப்பட, துண்டை மடித்து யானை, குரங்கு, அன்னம் என்று பொம்மை செய்து கட்டில் மேல் வைப்பாராம். வீட்டுக்கு வந்தால் மட்டும் தன் கைலியைக்கூட மடிக்க மாட்டார்! எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. பயணிகள் தரும் டிப்ஸை நம்பித்தான் எங்கள் குடும்பம். "உனக்கென்னம்மா, கப்பல்காரர் பெண்டாட்டி" என்பார்கள் தெருவில். சீட்டுக் கட்டும் தேதி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்குவது அவர்களுக்கு எங்கே தெரியும்?

2017 ஆகஸ்ட் 25, விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருக்கும்போது சீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றார். இரண்டு மாதப் பாக்கி. நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அவமானம் தாங்கவில்லை. அந்தக் கோபத்தோடு ராத்திரி அவருக்குச் செய்தி அனுப்பினேன். "பணம் எப்போ அனுப்புவீங்க? ஊர் சுத்துறதுக்கா கப்பல்ல போனீங்க?" என்று. அனுப்பின பிறகும் மனசு ஆறவில்லை. திரும்பத் திரும்ப போனைப் பார்த்தேன். ஒரே ஒரு டிக். போய்ச் சேரவே இல்லை.

மறுநாள் காலை டி.வி.யில் டெக்சாஸில் ஹார்வி என்ற புயல் கரையைக் கடந்ததாக ஓடியது. என் கையில் இருந்த காபி டம்ளர் கீழே விழுந்துவிட்டது. ஏனென்றால் அவருடைய கப்பல் அன்றைக்குத்தான் டெக்சாஸில் உள்ள கால்வெஸ்டன் துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும்.

கால்வெஸ்டன் என்பது கடலோரம் நீளமாகக் கிடக்கும் ஒரு தீவு. நம்ம பாம்பன் மாதிரி பாலம் கட்டி இணைத்திருக்கிறார்கள். ஹூஸ்டன் நகரம் அங்கிருந்து சுமார் 80 கி.மீ. 2000-ம் வருஷத்திலிருந்து அங்கே வருஷம் பூராவும் உல்லாசக் கப்பல் புறப்படுகிறது. காலையில் வந்த கப்பலில் ஆட்களை இறக்கி, மத்தியானத்துக்குள் அத்தனை அறையையும் சுத்தம் செய்து, சாயங்காலம் புது ஆட்களோடு கிளம்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஹூஸ்டனில் வீட்டுக்கூரை மேல் ஜனங்கள். நெடுஞ்சாலையில் படகு. கால்வெஸ்டனுக்குப் போகிற வழியில் டிக்கின்சன் என்று ஒரு ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதான பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் சக்கர நாற்காலியோடு உட்கார்ந்திருந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறகு எல்லோரையும் மீட்டுவிட்டார்களாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கரையிலேயே இப்படி என்றால், நடுக்கடலில் என்ன கதி?

என் மாமனார் தூத்துக்குடியில் தோணியில் தண்டலாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். அவர் மட்டும் பதறவே இல்லை. "ஏம்மா அழுத? பெரிய கப்பல் கடல்ல கெடந்தா பயமில்ல. கரையில கட்டிக் கெடந்தாத்தான் பயம். நம்ம துறைமுகத்துல பெரிய நம்பர் கூண்டு ஏத்தினா கப்பலை எல்லாம் வெளியதான அனுப்புவாங்க?" என்றார். புயல் கூண்டு ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்தான் நானும். ஆனால் பயம் வந்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

திங்கட்கிழமை விடியற்காலை போன் அடித்தது. அவர்தான். "நியூ ஆர்லியன்ஸ்ல நிக்கிறோம். எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. நான் அனுப்பின செய்தியும் அப்போதுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் விவரமாகச் சொன்னார். ஆகஸ்ட் 23-ம் தேதி மெக்சிகோ பக்கத்துக் கடலில் மறுபடி உருவான புயல், 25-ம் தேதி ராத்திரி கரையைக் கடக்கும்போது மணிக்கு 215 கி.மீ. வேகக் காற்றோடு பெரும் புயலாகிவிட்டது. சாதாரணமாகப் புயல் நகர்வதைவிடக் கப்பல் வேகமாக ஓடும். அதனால் கேப்டன் வானிலையைப் பார்த்து, விலகி வேறு பக்கம் ஓட்டிப் போய்விடுவார். கால்வெஸ்டனுக்கு வர வேண்டிய நாலு கப்பல்கள், சுமார் 20,000 பேரோடு அப்படிக் கடலிலேயே நின்றன. சில கப்பல்கள் சாமானும் தண்ணீரும் ஏற்ற நியூ ஆர்லியன்ஸ் போயின. ஒன்று மயாமிக்கே போய்விட்டது.

பயணிகளில் பாதிப் பேர், கூட நாலு நாள் கிடைத்தது என்று பாட்டும் கூத்துமாக இருந்தார்களாம். மீதிப் பேர் முகத்தில் ஈயாடவில்லை. ஹூஸ்டனில் அவர்கள் வீடு தண்ணீரில் கிடக்கிறது. ஊரில் விட்டு வந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு, நாய்க்குட்டிக்கு என்ன ஆச்சு என்று தெரியவில்லை. இவர் அறை பெருக்கப் போனபோது ஒரு அம்மா, துண்டில் செய்த யானையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தாராம். கப்பலில் சோறு இருக்கிறது, மெத்தை இருக்கிறது. வீடுதான் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"புயல்தான் கரையேறிருச்சே, ஏன் உங்களை உள்ளே விடல?" என்று கேட்டேன். புயல் கரையேறினாலும் போகவில்லையாம். அந்தப் பக்கத்திலேயே நின்று நாள்கணக்கில் கொட்டித் தீர்த்தது. நெடர்லாண்டு என்ற ஊரில் மட்டும் 1,500 மி.மீ.க்கு மேல் மழை. எங்க தூத்துக்குடியில் வருஷம் பூராப் பெய்யும் மழையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அது மட்டுமில்லை. கப்பல் வரும் கால்வாயில் மணல் சேர்ந்திருக்கலாம், மிதவைகள் இடம் மாறியிருக்கலாம். ஆழத்தை அளந்து பார்க்காமல் பெரிய கப்பலை விட மாட்டார்கள். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நாம் செருப்பில்லாமல் காலை வைப்போமா? அது மாதிரிதான். இறங்கினாலும் ஊருக்குப் போக ரோடு இல்லை.

ஒருவழியாகக் கால்வெஸ்டன் போய்ச் சேர்ந்தபோது அவர் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கப்பல் வராத நாளில் பெட்டி தூக்குகிறவருக்கு வேலை இல்லை. டாக்ஸிக்காரருக்குச் சவாரி இல்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தின ராத்திரி தங்குகிறவர்களை நம்பி இருக்கும் விடுதிகளில் அறை காலி. அங்கே அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கும் வேலை குறைந்துபோனது. பயணிகளின் காரை நிறுத்தும் இடத்து வாடகைதான் துறைமுகத்துக்கே ஒரு பெரிய வரும்படியாம். கப்பல் வந்தால்தான் அதுவும்.

மாலுமிகள் இளைப்பாற அங்கே ஒரு ஓய்வு இல்லம் உண்டு. அங்கிருந்துதான் இவர் வீட்டுக்குப் பேசுவார். மாலுமிகளைக் கடைக்குக் கூட்டிப்போக ஒரு வயதான அம்மா வேன் ஓட்டி வருவார், சம்பளம் இல்லாத சேவையாக. அன்றைக்கும் வந்திருந்தாராம். அவர் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, கட்டில் மெத்தை எல்லாம் நனைந்து தெருவில் கிடக்கிறது. "இந்த நிலைமையில நீங்க ஏன்மா வந்தீங்க?" என்று இவர் கேட்க, "நீங்க எட்டு நாளா வீட்டோட பேசியிருக்க மாட்டீங்களே" என்றாராம்.

அந்த அம்மாதான் ஊர்க் கதையும் சொன்னார். 1900 செப்டம்பர் 8-ம் தேதி அடித்த புயலில் அந்தத் தீவில் மட்டும் குறைந்தது 6,000 பேர் செத்துப்போனார்கள். அப்போது ஊரில் இருந்ததே சுமார் 38,000 பேர்தான். கடலோரத்தில் ஒரு அநாதை இல்லம். 10 கன்னியாஸ்திரிகள், 93 குழந்தைகள். தண்ணீர் ஏறவும், துணி காயப்போடும் கொடிக்கயிற்றை எடுத்துக் குழந்தைகளைத் தங்கள் இடுப்போடு கட்டிக்கொண்டார்களாம். பிழைத்தது மூன்று பையன்கள் மட்டும். இதைக் கேட்ட பிறகு எங்கள் மாடிக் கொடிக்கயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான்.

அதற்கப்புறமும் அந்த ஜனங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1902-ல் ஆரம்பித்து 1904-க்குள் 17 அடி உயரத்துக்குக் கடல் சுவர் கட்டினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலை நிரப்பி, ஊரையே உயர்த்தினார்கள். ஆனாலும் 2008 செப்டம்பர் 13-ல் வந்த ஐக் புயல், முன்வாசலைப் பூட்டினால் பின்வாசலில் நுழையும் திருடன் மாதிரி, சுவர் இல்லாத வளைகுடா பக்கமாகத் தண்ணீரைக் கொண்டுவந்தது. உப்புத் தண்ணீர் நின்று சுமார் 40,000 மரங்கள் பட்டுப்போயின. அப்போது கப்பல்கள் சில வாரம் ஹூஸ்டன் பக்கத்துத் துறைமுகத்துக்கு மாறிப் போய்விட்டன. பட்ட மரங்களை அந்த ஊர்க்காரர்கள் வெட்டி எறியாமல், நாய், பறவை, கடல்கன்னி என்று சிலைகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இவர் படம் எடுத்து அனுப்பினார்.

"கப்பல் ஓடிரும் தம்பி. ஊரு எங்கே ஓடும்?" என்றாராம் அந்த அம்மா. என் மனதில் அது ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அந்த மாதம் அடுத்த பயணமும் சுருங்கிப்போனதால் டிப்ஸ் சரிபாதி. வளையல் ஒன்றை அடகு வைத்துச் சீட்டுப் பாக்கியைக் கட்டினேன். அதை மீட்ட அன்றே இரண்டு முடிவு எடுத்தேன். ஒன்று, கையில் ஒரு மாதச் செலவுக்குப் பணம் சேர்க்காமல் புதுச் சீட்டுப் போடுவதில்லை. இரண்டு, வெளியூரில் உழைக்கிறவருக்கு முதல் வார்த்தையாகப் பணம் கேட்பதில்லை. கடைசியாகப் போன செய்தி எது என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது, தோழிகளே.

ஆறு வருஷம் கழித்து எனக்கே அந்தச் சோதனை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த பேய் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் தெருவில் ஆள் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. நான், பையன், அத்தை மூன்று பேரும் எதிர்த்த மாடி வீட்டில் மூன்று நாள் இருந்தோம். அவரோ நடுக்கடலில், அமைதியான கடலில். இந்தத் தடவை அவர் அனுப்பின செய்திக்கு ஒரே ஒரு டிக். ஒன்றல்ல, நாற்பத்தொரு செய்தி. எல்லாமே "சாப்பிட்டியா" தான்.

நாலாம் நாள் பேசும்போது சத்தமாக அழுதார். "கப்பல்ல இருந்துக்கிட்டு நான் சுகமா மெத்தை தட்டிக்கிட்டு இருந்தேன் புள்ள" என்றார். "2017-ல நானும் இப்படித்தான் இருந்தேன்" என்றேன்.

ஆனால் இந்தத் தடவை நான் வெறுங்கையோடு மாடி ஏறவில்லை. ரேஷன் கார்டு, பத்திரம், பையன் சர்டிபிகேட், வங்கிப் புத்தகம் எல்லாம் பாலிதீன் உறையில் போட்டு எவர்சில்வர் தூக்கில் வைத்து மூடி, பரணில் தயாராக இருந்தது. சேர்த்து வைத்த ஒரு மாதப் பணமும் அதில்தான். வீடு கழுவ, ஸ்டவ் வாங்க, பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் கைமாற்றுக் கொடுக்கவும் அதுதான் உதவியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது நம் பக்கத்திலும் கப்பல் பயணத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகிறவர்கள் புயல் காலம் எது என்று கேட்டுக்கொண்டு போங்கள். அமெரிக்கப் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை. இறங்குகிற அன்றே திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள். இன்சூரன்ஸ் எடுப்பதாக இருந்தால் முன்னாலேயே எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குப் பணம் கிடைக்காது. அறையில் துண்டுப் பொம்மை இருந்தால், அதைச் செய்தவருக்கும் ஒரு வீடு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் இருப்பவருக்காகக் கரையில் இருப்பவள் விளக்கேற்றுவது வழக்கம். கரையில் இருப்பவளுக்காகவும் ஒருவர் கடலில் தூங்காமல் இருப்பார் என்று எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது. என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு கப்பல் ஊழியரின் மனைவி, தூத்துக்குடி.