வீட்டில் தையல் மிஷின் போட எந்த இடம் நல்லது? அடுப்பங்கரை வேண்டவே வேண்டாம்!

ஊரார் துணிக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்?

விருத்தாசலம்:-

தீபாவளிக்கு இன்னும் பத்தே நாள். வாசலில் நாலு பெண்கள் நிற்கிறார்கள். "ஏம்மா, ஜாக்கெட் ரெடியா?" என்று கேட்கிறார்கள். உள்ளே அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. பக்கத்திலேயே தையல் மிஷின். தாளிக்கும்போது ஒரு சொட்டு எண்ணெய் தெறித்து, யாரோ ஒருவருடைய பட்டு ஜாக்கெட்டில் கறை!

அவ்வளவுதான். ஒரு மாதம் தைத்த கூலி துணிக்கு ஈடாகப் போய்விடும்.

பீங்கான் பொருளுக்குப் பேர் போன இந்த ஊரில், கணவர் சூளை வேலைக்குப் போக, மனைவி வீட்டில் மிஷின் மிதிப்பது சகஜம். மிஷின் வாங்க ஆயிரம் யோசனை செய்கிறவர்கள், அதை எங்கே போடுவது என்று யோசிப்பதில்லை. காலியாக இருக்கும் மூலையில் தள்ளி விடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

இடது பக்கம் ஜன்னல்

முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். மிஷினில் ஊசி இடது பக்கம், சக்கரம் வலது பக்கம். அதனால் வெளிச்சம் இடது பக்கமிருந்து வந்தால் ஊசி மீது நிழல் விழாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், தைப்பவரின் நிழலே துணியை மறைக்கும்.

வடக்கு ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேற்கு ஜன்னல் என்றால் மாலை வெயில் கண்ணைக் கூசும். துணியின் சாயமும் வெளுக்கும். திரை அவசியம். ராத்திரி வேலைக்கு, ஊசிக்கு நேராக ஒரு சின்ன விளக்கு போதும். மங்கல் வெளிச்சத்தில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டுத் தைத்தால் தலைவலிதான் மிச்சம்.

திண்ணை நல்லதா?

திண்ணையில் காற்றும் உண்டு, வெளிச்சமும் உண்டு. துணி கொடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டியதும் இல்லை. ஆனால் தெருப் புழுதி வெள்ளைத் துணியை விடாது. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடிக்கும். எழுந்து உள்ளே போகிற நேரத்தில் ஒரு பட்டுத் துணி காணாமல் போனால் யாரைக் கேட்பது? பகலில் திண்ணை சரி. பொழுது சாய்ந்தால் துணியெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

படுக்கை அறையில் போட்டால் ராத்திரி மிஷின் சத்தத்தில் குழந்தைகள் தூங்காது. ஒண்டுக் குடித்தனம் என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. "கடையா நடத்துறே?" என்ற கேள்வி பிறகு வராது.

எல்லாம் பார்த்தால், கூடத்தில் ஜன்னல் ஓரம்தான் நல்ல இடம். அளவு எடுக்க மூலையில் ஒரு கொடி கட்டி, பழைய புடவையைத் திரையாகப் போட்டால் போதும். துணி வெட்டத் தரையில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்க வேண்டும்.

ப்யூஸ் ஜாக்கிரதை!

மோட்டார் வைத்த மிஷினுக்கு மின்சாரம் கொஞ்சம்தான். இஸ்திரிப் பெட்டிக்கோ பல மடங்கு அதிகம். இரண்டையும் ஒரே நீட்டிப்பு ஒயரில் மாட்டினால் ஒயர் சூடேறும். பக்கத்தில் துணிக் குவியல்! சொல்லவா வேண்டும்?

ப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றி மாட்டுவது சிலர் வழக்கம். மெல்லிய கம்பி உருகுவதே வீட்டைக் காப்பாற்றத்தான். பீங்கான் ப்யூஸ் கட்டை செய்து வெளியூருக்கு அனுப்புகிற ஊரிலேயே இந்த விளையாட்டு விளையாடலாமா?

மழைக்காலத்தில் ஈரச் சுவரை ஒட்டி மிஷினைப் போடக் கூடாது. ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். இல்லையேல் துரு ஏறும். ஊசி கீழே விழுந்தால் தேட ஒரு காந்தம் வேண்டும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இது கட்டாயம்.

இலவச மிஷின்

1930-களில் கல்கத்தாவில் உஷா மிஷின் உருவான பிறகுதான் நம் நாட்டு மிஷின் வீடுகளுக்கு வந்தது. தமிழக அரசு, முன்னாள் அமைச்சர் சத்தியவாணி முத்து பெயரில் விதவைகள், கணவரால் கைவிடப்பட்ட பெண்கள், ஏழைப் பெண்கள், மாற்றுத் திறனாளிகளுக்கு இலவச மிஷின் வழங்கும் திட்டத்தை வைத்திருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

மிஷின் வந்த அன்றைக்கே இடத்தை முடிவு செய்ய வேண்டாம். ஒரு நாற்காலியைப் போட்டு காலை 10 மணி, பகல் 2 மணி, மாலை 6 மணி என்று மூன்று முறை உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள். மூன்று முறையும் சிரமமில்லாமல் நூல் நுழைந்தால், அதுதான் மிஷினுக்கு இடம்!