நிற்குந்தோறும் மீளும் சக்தி

சீன தேசத்தின் ஷென்ஜென் நகரம் 2017ஆம் ஆண்டு முடிவதற்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை ஒன்றுவிடாமல் மின்சார வண்டிகளாக மாற்றிவிட்டது என்று அறியும்போது, இஃது எங்ஙனம் சாத்தியமாயிற்று என்ற வினா இயல்பாகவே எழுகிறது.

அரைக் கிலோமீட்டருக்கொரு நிறுத்தமாக நின்று நின்று ஊரும் நகரப் பஸ்ஸுக்கே மின்சாரம் மிகப் பொருத்தம் என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றலாம். 15 டன் எடையுள்ள பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் அதனிடம் 750 கிலோஜூல் இயக்க சக்தி இருக்கிறது. டீசல் வண்டியில் டிரைவர் பிரேக்கை மிதித்ததும் அது உஷ்ணமாகிக் காற்றோடு போய்விட, மின்சார பஸ்ஸிலோ, சக்கரத்தைச் சுழற்றிய அதே மோட்டார் இப்போது சக்கரத்தால் சுழற்றப்பட்டு, ஜெனரேட்டராக மாறி, அச்சக்தியில் கணிசமான பகுதியைப் பாட்டரிக்கே திருப்பி அனுப்புகிறது. (முழுவதையும் அன்று; இயற்கை அவ்வளவு தாராளமானதல்ல.) நிறுத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்க எஞ்சின் வீணே உறுமுவதும் இல்லை.

நகரப் பஸ்ஸின் பாதையும் தூரமும் நாள்தோறும் மாறாதவை என்பதும் மின்சாரத்துக்கு அனுகூலமே. இரவில் டிப்போவில் உறங்கும் நேரமே சார்ஜ் ஏற்றும் நேரமாகிறது. உண்மையான சங்கடம் அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்: 100 பஸ்கள் ஏககாலத்தில் தலா 60 கிலோவாட் இழுத்தால் 6 மெகாவாட் வேண்டுமாதலால், டிரான்ஸ்பார்மரும் தடித்த கேபிள்களும் பஸ்களுக்கு முன்னதாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.