சூடேறி நிற்கும் பம்ப்செட்: பிளக்கை மாற்றும் முன் காற்று வழியைப் பாருங்கள்

"அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு முக்கி முக்கி நின்றுவிடுகிறது. ஆறியதும் மறுபடி ஓடுகிறது. இரண்டு பிளக் மாற்றியாகிவிட்டது. என்ன செய்யலாம்?"

கும்பப்பூ அறுவடை முடிந்து காலில் தண்ணீர் நின்றதும் பூதப்பாண்டிப் பக்கத்து வாழை விவசாயிகளிடமிருந்து வழக்கமாக வரும் கேள்வி இது. மேட்டில் நிற்கும் ஏத்தன் வாழைக்குக் குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ இறைத்துத்தான் ஆக வேண்டும். அதற்குக் கையில் இருப்பது கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய பெட்ரோல் எஞ்சின்.

இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. சைலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செதில்களே அதன் ரேடியேட்டர். கயிறு இழுக்கும் பக்கத்தில் சல்லடை போன்ற துளைகள் இருக்கும். ஃபிளைவீலோடு சேர்ந்து சுழலும் விசிறி அந்தத் துளைகள் வழியே காற்றை இழுத்து மேல்கவருக்குள் தள்ளும். கவர் அந்தக் காற்றைச் சிதறவிடாமல் செதில்களுக்கு நடுவே ஓட்டும். எரியும் பெட்ரோலில் தண்ணீர் இறைக்கப் பயன்படுவது சுமார் கால்பங்குதான். மற்றதெல்லாம் வெப்பம். சைலன்சர் வழியே போனது போக, மீதியைக் காற்றுதான் சுமந்துகொண்டு போக வேண்டும்.

ஒரு விவசாயி எஞ்சினுக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்த மேல்கவரைக் கழற்றிவிட்டே ஓட்டிவந்தார்.

"கவர் எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார் பழுது பார்க்க வந்த மெக்கானிக்.

"சூடாகுதுன்னு நான்தான் கழத்தி வச்சேன். நல்லா காத்து படட்டுமேன்னு."

"அதுதான் கெடுத்துச்சு. கவர் இல்லேன்னா விசிறிக் காத்து செதிலுக்குள்ள போகாது, வெளியதான் போகும்."

பலரும் செய்கிற தவறு இது. கவர் மழைக்கும் அழகுக்கும் போட்டதல்ல. ஒரு திருகாணி விழுந்து கவர் தூக்கிக்கொண்டு நின்றாலே அந்த இடைவெளி வழியாகக் காற்று தப்பிவிடும். அந்த எஞ்சினில் இன்னொன்றும் இருந்தது. செதில்களுக்கு நடுவே வைக்கோல் துணுக்கும் நெல் சுணையும் எண்ணெய்க் கசிவில் ஒட்டிக் கெட்டியாகியிருந்தன. ஒரு மூலையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் எஞ்சின் குளவிக்கு நல்ல வீடு. மூங்கில் குச்சியாலும் பிரஷாலும் சுரண்டி, காற்றடித்து எடுத்தபோது ஒரு கைப்பிடி குப்பை வந்தது. இந்த வேலையை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே செய்ய வேண்டும். சூட்டோடு சூடாகத் தண்ணீரைப் பாய்ச்சினால் வார்ப்பு வெடிக்கும்.

சுத்தம் செய்து, கவரை முறையாக மாட்டிய பிறகும் நிற்கிறதா? அப்படியானால் எஞ்சின் நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும். ஆறிவிட்டால் தடயம் போய்விடும். எளிதான சோதனை பெட்ரோல் டேங்க் மூடியை மெல்லத் தளர்த்துவது. 'உஸ்' என்று காற்று உள்ளே போய், உடனே எஞ்சினும் ஸ்டார்ட் ஆனால் மூடியிலுள்ள சிறு துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று நுழைய வழியில்லாமல் கார்புரேட்டருக்கு வரத்து நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் தீரும் இந்தக் குறைக்காக முழு எஞ்சினையும் பிரித்துப் போட்டவர்கள் உண்டு.

மூடியில் குறை இல்லையென்றால் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பிளக்கை அதற்கு அருகில் வைத்துச் சோதிக்கக் கூடாது. சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் வந்தால் இக்னிஷன் காயில் மீது சந்தேகப்படலாம். அதற்கு முன் எஞ்சின் நிற்கும் தரையைப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் தானே நின்றுவிடும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு. குளத்துக் கரைச் சரிவில் சாய்த்து வைத்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, அளவு சரியாக இருந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். சமதரையில் வைத்துத்தான் எண்ணெய்க் குச்சியைப் பார்க்க வேண்டும். இந்த அளவு எஞ்சினில் எண்ணெய் பெரும்பாலும் அரை லிட்டரை ஒட்டியே இருக்கும் என்பதால் சிறு கசிவும் பெரிய குறைதான். புது எஞ்சினில் முதல் 20 மணி நேரம் ஓடியதும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுவது பொதுவான வழக்கம்.

காற்றினால் குளிரும் எஞ்சின் காரிலும் உண்டு. 2003 வரை மெக்சிகோவில் தயாரான பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அப்படிப்பட்டது. குளிர்நாட்டுக்காரர்கள் அதன் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும்போதும் விசிறி, காற்றுக் குழாய், திறந்து மூடும் தகடு என்று காற்று வழியைத்தான் வரிசையாகப் பார்ப்பார்கள். அந்தக் காரில் எஞ்சின் விசிறித் தள்ளும் காற்று, புகைக் குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் ஓடிச் சூடாகி உட்கார்ந்திருப்பவர் காலடிக்கு வரும். குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் சூட்டோடு புகையும் உள்ளே வரும். அதனால் ஹீட்டர் சூடு தந்தால் மட்டும் போதாது, அந்தக் காற்றில் புகை கலக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

நம் ஊரில் கார் ஹீட்டர் தேவையில்லை. அந்த ஆபத்து மட்டும் வேறு வழியில் வருகிறது. திருட்டுக்குப் பயந்து எஞ்சினைத் தகரக் கொட்டகைக்குள் வைத்து, மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி ஓட்டுகிறார்கள். வெளியேறிய சூடான காற்றையே விசிறி மறுபடி இழுக்கும், எஞ்சின் நிற்கும். புகையும் அங்கேயே தேங்கும். அதைவிட மோசமானது கிணறு. பம்ப் தண்ணீரை உறிஞ்சித் தூக்குவது நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் ஆழம் வரைதான். கோடையில் மட்டம் அதற்குக் கீழே போனதும் எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுப் படியில் இறக்கிவிடுகிறார்கள். பெட்ரோல் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கும். சில நேரம் அதற்குக்கூட அவகாசம் தராது. விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவது இதனால்தான்.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. மட்டம் எட்டாதபோது நீர்மூழ்கி மோட்டாருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் மேலே நிற்பவர் இறங்காமல் தீயணைப்புத் துறையை 101 எண்ணிலும், ஆம்புலன்ஸை 108 எண்ணிலும் அழைக்க வேண்டும்.

அந்த விவசாயியின் எஞ்சின் இப்போது கொட்டகைக்கு வெளியே, நான்கு செங்கல்மேல் சமமாகப் பரப்பிய பலகையில் நிற்கிறது. தண்ணீர் பாய்ச்சி முடிந்து எஞ்சின் ஆறியதும் இருவர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். கழற்றிய கவர் திருகாணிகளில் ஒன்று கிடைக்காததால் கடையில் புதிதாக வாங்கிப் போட்டார்.