பழைய லேத் வாங்குவோர் கையில் இருக்க வேண்டிய காகிதம்

அம்பத்தூரிலோ கோவை கணபதியிலோ ஒரு சிறு பட்டறை மூடப்பட்டால், அங்கிருந்த லேத்துகள் பழைய இயந்திர வியாபாரிகளின் கிடங்குக்குப் போகின்றன. அவற்றில் சில பிறகு வீடுகளுக்கு வந்து சேர்கின்றன. ஓய்வுபெற்ற டர்னர், பம்ப்செட் புஷ்ஷைத் தானே கடைந்துகொள்ள நினைக்கும் விவசாயி, சிறு நீராவி எஞ்சின்கள் செய்து பார்க்கும் ஆர்வலர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டுக் கொட்டகையில் தொழில் தொடங்கும் இளைஞர் என வாங்குவோர் பலவகையினர். கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கும் இலகுவான புது லேத்தைவிட, பல ஆண்டுகள் ஓடிய எச்.எம்.டி. அல்லது கிர்லோஸ்கர் டர்ன்மாஸ்டர் வார்ப்பிலும் எடையிலும் மேலானது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் அதோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: பழைய சாமானுக்குக் கேரண்டி கிடையாது, காசைக் கொடுத்தால் நம் தலையெழுத்து. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய பொருளை வாங்குபவருக்கும் அது உரிமைகளைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பணம் கொடுக்குமுன் வாங்குபவர் என்ன சொன்னார், இயந்திரம் வந்தபின் அவர் என்ன செய்தார் என்ற இரண்டையும் பொறுத்தே நிற்கின்றன. வாய்மூடி வாங்குபவர் அந்த உரிமைகளைத் தாமே கைவிடுகிறார்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் 16-ஆவது பிரிவு, வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்ற பொது விதியில்தான் தொடங்குகிறது. பெரும்பாலோர் கேள்விப்பட்டது அவ்வளவே. அதே பிரிவு அடுத்து விதிவிலக்கும் தருகிறது. எந்த வேலைக்காக அந்தப் பொருள் வேண்டும் என்பதை வாங்குபவர் தெரிவித்து, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், விற்பவரும் அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவராக இருந்தால், பொருள் அந்த வேலைக்கு நியாயமான அளவுக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது எழுதாமலேயே ஒப்பந்தத்தின் நிபந்தனையாகிவிடுகிறது. இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வணிகப் பெயர் சொல்லி வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. “எச்.எம்.டி. லேத் ஒன்று வேண்டும்” என்று மட்டும் கேட்பவரைவிட, “150 மில்லிமீட்டர் நீளத் தண்டை இரு முனையும் ஒரே விட்டத்தில் கடைய வேண்டும், மெட்ரிக் மரை வெட்ட வேண்டும், அதற்குத் தகுந்த இயந்திரம் தாருங்கள்” என்று கேட்பவர் சட்டத்தின் முன் பலமான இடத்தில் நிற்கிறார். அந்தக் கோரிக்கை வாட்ஸாப்பில் எழுதப்பட்டு, அதற்கு வியாபாரி “சரி” என்று பதில் போட்டிருந்தாலே நல்ல சான்று. 15-ஆவது பிரிவு வேறொன்றைச் சொல்கிறது: விவரணையை நம்பி விற்கப்பட்ட பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும். இந்த விதி வியாபாரிக்கு மட்டும் உரியதல்ல. சொந்தப் பட்டறையை மூடிவிட்டுத் தன் ஒரே லேத்தை விற்பவரையும் அது கட்டும். தகுதி பற்றிய நிபந்தனை அப்படிப்பட்ட தனிநபரிடம் செல்லாது என்பதால், அவரிடம் வாங்கும்போது விவரணையை முழுமையாக எழுதி வாங்குவது இன்னும் அவசியமாகிறது.

என்ன எழுதுவது என்பதற்கு இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லேத்தின் உயிர் அதன் பெட்டில் இருக்கிறது. பெரும்பாலான வேலை சக்குக்கு அருகிலேயே நடப்பதால் பெட் அங்கேதான் அதிகம் தேயும். டெயில்ஸ்டாக் பக்கம் புதிதுபோலவே இருக்கும். டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் ஓடும் சேடிலைச் சக்குக்கு அருகில் ஆட்டமில்லாமல் இறுக்கி வைத்து, மெல்ல டெயில்ஸ்டாக் பக்கம் நகர்த்திப் பாருங்கள். நடுவில் இறுகி நின்றுவிட்டால் தேய்மானம் எவ்வளவு என்பதை இயந்திரமே சொல்லிவிடும். இன்னும் உறுதியான சோதனை, சக்கிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் ஒரு தடித்த கம்பியின் இரு முனைகளிலும் ஒரு வளையம் அளவுக்குக் கடைந்து, டூலை முன்பின் நகர்த்தாமல் ஒரே அமைப்பில் இரண்டையும் முடித்து, மைக்ரோமீட்டரால் விட்டத்தை அளப்பது. இயந்திரம் சமமில்லாத தரையில் முறுக்கி நின்றாலும் இந்த அளவுகள் வேறுபடும் என்பதால், முதலில் லெவல் வைத்துப் பார்ப்பது விற்பவருக்கும் நியாயம். ஸ்பிண்டிலின் ஆட்டத்தைச் சக்கில் பார்க்கக் கூடாது. மூன்று தாடைச் சக்குக்கே சொந்தப் பிழை உண்டு. டயல் கேஜை ஸ்பிண்டில் மூக்கிலேயே வைக்க வேண்டும். நல்ல லேத்தில் அங்கே ஆட்டம் 0.01 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இப்படி அளந்து இயந்திரத்தை ஏற்கும் முறையை 1920-களிலேயே பெர்லின் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் வகுத்துத் தந்துவிட்டார். இன்றும் தொழிற்சாலைகள் அந்த வழியில்தான் அளக்கின்றன. வீட்டுக்கு வாங்குபவர் மட்டும் ஏன் பெயின்டைப் பார்த்து வாங்க வேண்டும்?

பளபளக்கும் புதுப் பெயின்ட் உண்மையில் சந்தேகத்துக்குரியது. வார்ப்பு விரிசலும் ஒட்டுவேலையும் அதன் அடியில் மறையும். “பெட் கிரைண்டிங் பண்ணியாச்சு” என்ற சொல்லையும் பாதி நல்ல செய்தியாகவே கொள்ள வேண்டும். பெட்டைத் தேய்த்துச் சமமாக்கினால் அதன் மேல் ஓடும் சேடில் அந்த அளவு கீழே இறங்கும். அதோடு ஏப்ரனும் இறங்கி, லீட் ஸ்க்ரூவோடு ஹாஃப் நட் பொருந்தும் நிலை மாறிவிடும். இறங்கிய உயரத்தை ஈடுகட்டினார்களா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்க வேண்டும். மாற்றுக் கியர்கள் எல்லாம் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அங்குல லீட் ஸ்க்ரூ கொண்ட பழைய லேத்தில் துல்லியமான மெட்ரிக் மரை வெட்ட 127 பல் கியர் தேவை. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் ஐந்து அங்குலம் சரியாக 127 மில்லிமீட்டர். அந்தக் கணக்கிலிருந்து வந்த எண் அது. அந்த ஒரு கியர் இல்லாததால் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் லேத்தும் உண்டு. இவற்றில் எதை விற்பவர் உறுதியளித்தாலும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்: தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், உடன் வரும் கியர்களும் சக்குகளும், ஒப்புக்கொண்ட சோதனை அளவு. சோதனையில் கண்ணுக்குத் தெரிந்த குறைகளையும் சேர்த்து எழுதி, விலையை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். பரிசோதித்து வாங்கியவருக்கு, அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறை பற்றி விற்கத்தக்க தரம் என்ற மறைமுக நிபந்தனை உதவாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அரைகுறையாகப் பார்த்துவிட்டு “எல்லாம் பார்த்தேன்” என்று கையெழுத்திடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

உரிமை பற்றிய ஆபத்து தேய்மானத்தைவிடப் பெரியது. சிறு பட்டறைகள் பல, இயந்திரத்தின் மீதே வங்கிக் கடன் வாங்கியவை. ஹைப்பாத்திகேஷன் கடனில் இயந்திரம் பட்டறையிலேயே நிற்கும், அதன் மீது வங்கிக்குக் கடன் உரிமை இருக்கும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்குத் தர முடியாது என்பது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்லும் பொது விதி. இத்தகைய கடன்களைப் பதிவு செய்ய செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இருக்கிறது. அங்கே பதிவான அடமானம் எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டதாகவே வங்கிக் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டம் கருதுகிறது. எனக்குத் தெரியாது என்று பிறகு சொல்லிப் பயனில்லை. சிறு கட்டணத்தில் யாரும் அதில் தேடலாம். மூடிய பட்டறையிலிருந்து நேரடியாக வாங்கினால், கடன் முடிந்ததற்கான வங்கிக் கடிதத்தைக் கேளுங்கள். பழைய வாங்கிய ரசீதும் வரிசை எண் தகடும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். தகடு பிடுங்கப்பட்ட, ரசீதில்லாத, வழக்கத்துக்கு மாறாக மலிவான லேத்தை விட்டுவிடுவதே நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்றோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம்.

அடுத்த கேள்வி, நுகர்வோர் ஆணையத்தின் கதவு நமக்குத் திறக்குமா என்பது. இதற்கான விடை, ஒரு கடைசல் இயந்திர வழக்கிலிருந்தே வந்தது என்பதை நம் ஊர்ப் பட்டறைக்காரர்கள் பலர் அறியமாட்டார்கள். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் ஒரு சி.என்.சி. டர்னிங் இயந்திரம் வாங்கி, தாமதம், குறைபாடு என்று முறையிட்டது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இயந்திரத்தின் தரத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லவில்லை. வாங்கியவர் வணிக நோக்கில் வாங்கியதால் அவர் நுகர்வோர் அல்லர் என்றது. அதோடு ஒரு கோட்டையும் வரைந்தது. தன் பிழைப்புக்காகத் தானே இயக்க இயந்திரம் வாங்குபவர் நுகர்வோர்தான். துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. முழுக்க வேறொருவரை வைத்து இயக்க லேத் வாங்குபவர் நுகர்வோர் அல்லர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் செய்பவருக்கு இந்த விலக்கைத் தக்க வைத்திருக்கிறது. ஆகவே பொழுதுபோக்குக்கு வாங்குபவரும், வீட்டுக் கொட்டகையில் தானே கடைந்து பிழைப்பவரும் நுகர்வோர் என்று வாதிடலாம். ரசீதைத் தம் சொந்தப் பெயரில் வாங்குவதும், “சொந்த உபயோகம்” அல்லது “சுயதொழில்” என்று அதில் குறிப்பதும் அந்த வாதத்துக்குத் துணை. குறைபாடு என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமும் கவனிக்கத்தக்கது: ஒப்பந்தப்படி மட்டுமல்ல, வியாபாரி எந்த வகையிலாவது சொல்லிக்கொண்டபடி இல்லாததும் குறைபாடே. அவர் போட்ட விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் சான்றாவது இதனால்தான்.

பழைய இயந்திரச் சந்தையில் யார் இப்படியெல்லாம் எழுதித் தருவார்கள், கேட்டால் வேறு கடை பார் என்பார்களே என்ற மறுப்பு நியாயமானது. சிலர் அப்படிச் சொல்வார்கள். ஆனால் எழுத மறுப்பதே ஒரு தகவல். பெட் நேராக இருப்பதைத் தன் கண்ணால் அறிந்த வியாபாரிக்கு அதை ரசீதில் எழுதுவதில் இழப்பு எதுவும் இல்லை. எழுத மாட்டேன் என்றால் அதனால் எழும் சந்தேகத்தின் விலையை வாங்குபவர் தள்ளுபடியாகக் கேட்கலாம். “உள்ளது உள்ளபடி” என்று எழுதி விற்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி மறைமுக நிபந்தனைகளை ஒப்பந்தத்தால் விலக்கலாம். வங்கி ஏலங்களில் இதுவே வழக்கம். அத்தகைய ஏலத்தில் பழுதுபார்க்கும் செலவு முழுவதையும் கழித்துக்கொண்ட விலையைத்தான் கேட்க வேண்டும். பழையது என்றால் தேய்ந்துதானே இருக்கும் என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், வயதுக்கேற்ற தேய்மானத்துக்கு யாரும் இழப்பீடு கேட்க முடியாது. சொன்னதற்கும் கொடுத்ததற்கும் உள்ள இடைவெளிக்கு மட்டுமே கேட்கலாம். அந்த இடைவெளியை அளக்கத்தான் எழுத்து வேண்டும்.

உயிர் ஆபத்து வேறு வகைப்பட்டது, அதற்கு இழப்பீடு ஈடாகாது. தொழிற்சாலையில் சுழலும் பாகங்களுக்கு மறைப்பு இடுவதைச் சட்டம் கட்டாயமாக்கி, பார்க்க ஆய்வாளரையும் வைத்திருக்கிறது. வீட்டுக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இரவில் தனியாக வேலை செய்த ஒரு மாணவி, தலைமுடி லேத்தில் சிக்கி இறந்தார். பெரிய பல்கலைக்கழகத்திலேயே நேர்ந்தது இது. பழைய லேத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டார்ட்டர். வெறும் திருகு சுவிட்ச் இருந்தால், மின்தடை நீங்கியதும் இயந்திரம் தானே ஓடத் தொடங்கும். சக்கில் கை வைத்திருப்பவர் நிலை என்ன ஆகும்? மின்சாரம் போனால் விடுபட்டு, மீண்டும் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். மின்தடை பழகிப்போன நம் ஊரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மரையால் பொருத்தப்படும் சக் கொண்ட பழைய லேத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் சக் கழன்று பாயக்கூடும். பெல்ட்டுக்கும் கியருக்கும் மூடி, கைக்கெட்டும் அவசர நிறுத்தம், சரியான எர்த்திங் மூன்றும் இல்லாமல் ஓட்டிப் பார்க்கக் கூடாது. துண்டு, துப்பட்டா, தொங்கும் வேட்டி, கையுறை, மோதிரம் எதுவும் சுழலும் லேத்தின் அருகே வரக் கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் குழந்தைகள் புழங்கும் இடத்தில் அதைச் சுரண்டிப் பொடியாக்காதீர்கள். வீட்டு மின் இணைப்பில் கூலிக்கு வேலை செய்தால் மின்சாரச் சட்டம் 126-ஆவது பிரிவில் இருமடங்குக் கட்டணம் விதிக்கப்படலாம். தொழிலாகச் செய்வோர் அதற்குரிய இணைப்பைப் பெற்றுவிட வேண்டும்.

வாங்கிய இயந்திரம் வந்திறங்கியதும் ஆர்வமுள்ளவர் செய்யும் முதல் காரியம் அதைக் கழற்றுவதும் பெயின்ட் அடிப்பதும். சட்டப்படி அதுதான் மிகப் பெரிய தவறு. விற்பவரின் உரிமைக்குப் பொருந்தாத செயலைச் செய்தாலோ, நியாயமான காலம் வரை மறுப்பு தெரிவிக்காமல் வைத்துக்கொண்டாலோ, பொருளை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு கருதுகிறது. ஏற்றுக்கொண்டபின் திருப்பித் தரும் உரிமை போய், நஷ்டஈடு மட்டுமே மிஞ்சும். எனவே இறக்கும்போதே வீடியோ எடுங்கள். தரையில் நிறுத்தி லெவல் பார்த்து, ஒப்புக்கொண்ட சோதனையை முதல் சில நாட்களில் செய்யுங்கள். குறை தெரிந்தால் அதே வாரம் எழுத்தில் மறுப்பைத் தெரிவியுங்கள். டன் கணக்கில் எடையுள்ளதைத் திரும்ப ஏற்றி அனுப்பவும் வேண்டாம். மறுக்கிறேன் என்று அறிவித்தாலே போதும் என்கிறது 43-ஆவது பிரிவு.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அங்கும் தீராவிட்டால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, சார்ட்டர்டு இன்ஜினியர் ஒருவரின் எழுத்துபூர்வ அளவீட்டு அறிக்கையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தரலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு தர வேண்டும். பொருளைச் சோதிக்கத் தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்க வேண்டும். தனிநபரிடம் வாங்கியவருக்கு உரிமையியல் நீதிமன்றமே பொருத்தமான வழி. ராஜ்கோட்டிலோ பட்டாலாவிலோ உள்ள வியாபாரியிடம் வாங்கியிருந்தாலும், நுகர்வோர் மனுவை வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.